கோடை விடுமுறையில் கோடிங் முகாம்: பிள்ளைகளைச் சேர்க்கலாமா, எதைப் பார்த்துச் சேர்ப்பது?

திண்டுக்கல் அருகே ஒரு சிற்றூரிலிருந்து ஒரு தாய் கேட்டிருக்கிறார். மகள் ஏழாம் வகுப்பு முடித்திருக்கிறாள். மகன் நான்காம் வகுப்பு முடித்திருக்கிறான். பக்கத்து நகரத்தில் மே மாதம் 10 நாள் கோடிங் முகாம், அதாவது கணினிக்குக் கட்டளைகள் எழுதக் கற்றுத்தரும் முகாம், நடக்க இருக்கிறது. "பத்தே நாளில் உங்கள் குழந்தை சொந்தமாக ஆப் உருவாக்கும்" என்று துண்டறிக்கையில் அச்சிட்டிருக்கிறார்கள். கட்டணம் அவர்கள் குடும்பத்துக்குச் சின்னத் தொகை இல்லை. வீட்டில் கணினியும் கிடையாது. பிள்ளைகளைச் சேர்க்கலாமா என்பது அவர் கேட்ட கேள்வி. கணினியைப் பற்றி ஒன்றும் அறியாத தன்னால் ஒரு முகாம் நல்லதா இல்லையா என்று எப்படிக் கண்டுகொள்ள முடியும் என்பது அந்தக் கேள்விக்குள் இருக்கும் கவலை.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மகளைத் தாராளமாகச் சேர்க்கலாம், ஆனால் அந்த முகாமை ஒரு முறை நேரில் போய்ப் பார்த்த பிறகு சேருங்கள். மகனுக்கு இந்த ஆண்டு பணம் கட்ட வேண்டியதில்லை. அவன் வயதுக்கு வேண்டியதை வீட்டிலேயே கொடுத்துவிடலாம், எப்படி என்பதைக் கடைசியில் சொல்கிறேன். பதினெட்டு ஆண்டுகளாகப் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கணினி அறிவியல் சொல்லிக்கொடுத்து வருகிறேன். அதில் பல கோடை விடுமுறைகளை இத்தகைய முகாம்களிலேயே கழித்திருக்கிறேன். கணினி தெரியாத ஒருவராலும் நல்ல முகாமை அடையாளம் காண முடியும் என்று உறுதியாகச் சொல்வேன். அதற்கு, முகாமில் பிள்ளைகள் எதைக் கற்க வேண்டும் என்பது முதலில் விளங்க வேண்டும்.

பிள்ளைகளுக்கு நிரலாக்கம் (கோடிங்) கற்பிக்கும் எண்ணம் செல்போன் காலத்தில் பிறந்தது என்று பலர் நினைக்கிறார்கள். 1967-லேயே அமெரிக்காவில் சீமோர் பேப்பர்ட், சிந்தியா சாலமன், வாலி ஃபோயர்சைக் ஆகியோர் 'லோகோ' என்ற நிரல்மொழியைக் குழந்தைகளுக்காக உருவாக்கினார்கள். குழந்தைகளின் சிந்தனை எப்படி வளர்கிறது என்று ஆராய்ந்த ஜான் பியாஜேயுடன் ஜெனீவாவில் சில ஆண்டுகள் பணியாற்றியவர் பேப்பர்ட். கணினி குழந்தைக்குப் பாடம் நடத்துவதைவிட, குழந்தை கணினிக்குப் பாடம் நடத்த வேண்டும் என்பது அவர் கொண்ட கருத்து. சில ஆண்டுகளில் லோகோவோடு, கட்டளைப்படி நகரும் ஓர் ஆமை உருவமும் சேர்ந்தது. 'முன்னே 100' என்றால் அந்த ஆமை நூறு சிற்றடி நகர்ந்து கோடு போடும். 'வலம் 90' என்றால் நின்ற இடத்திலேயே திரும்பும். இன்று பைத்தான் என்ற நிரல்மொழியோடு இலவசமாகவே வரும் 'டர்ட்டில்' அந்த ஆமையின் வாரிசுதான்.

அந்த ஆமையை வைத்து முகாமின் இரண்டாம் நாளில் நான் தவறாமல் செய்யும் ஒன்றைச் சொல்கிறேன். சதுரம் போடத் தெரிந்துகொண்ட பிள்ளைகளிடம் சமபக்க முக்கோணம் போடச் சொல்வேன். ஏழாம் வகுப்புப் பிள்ளைக்கு அதன் ஒவ்வொரு கோணமும் 60 பாகை என்று தெரியும். ஆகவே, முன்னே 100, வலம் 60 என்று மூன்று முறை எழுதுவார்கள். திரையில் முக்கோணம் வராது. பாதி அறுகோணம் போல வாய் திறந்த ஒரு வடிவம் வந்து நிற்கும். "சார், கம்ப்யூட்டர் தப்பா போடுது" என்ற குரல் அறையின் நாலு மூலையிலிருந்தும் எழும். ஒரு முறை ஒரு சிறுமி, தான் எழுதியது சரிதான் என்று கணக்குப் புத்தகத்தையே விரித்துக் காட்டினாள். நான் விடையைச் சொல்லவில்லை. சாக்கட்டியைக் கையில் கொடுத்து, வராந்தாவின் சிமெண்ட் தரையில் முக்கோணம் வரைந்து அதன் மேலேயே நடக்கச் சொன்னேன். முதல் பக்கத்தை நடந்து முடித்து மூலையில் நின்றாள், அடுத்த பக்கத்தை நோக்கி உடம்பைத் திருப்பினாள், திருப்பும்போதே நின்றுவிட்டாள். தான் முக்கோணத்தின் உட்கோணத்துக்குத் திரும்பவில்லை, அதைவிட மிக அதிகமாக, கிட்டத்தட்டப் பின்பக்கம் பார்க்கும் அளவுக்குத் திரும்புகிறோம் என்பதை அவள் கால்கள் அவளுக்குச் சொல்லிவிட்டன. உள்ளே ஓடிப்போய் 120 என்று மாற்றினாள். முக்கோணம் மூடிக்கொண்டது.

அதோடு அவள் நிற்கவில்லை என்பதைத்தான் நான் முக்கியமாகச் சொல்ல விரும்புகிறேன். நாலு தொண்ணூறும் 360, மூன்று நூற்றிருபதும் 360 என்று தானே கூட்டிப் பார்த்தாள். ஐங்கோணத்துக்கு 72 என்று நான் சொல்லாமலே போட்டாள். அடுத்த நாள் நட்சத்திரம் வேண்டும் என்று வந்தாள். அதற்கு 144 பாகை என்று அவள் கண்டுபிடிக்க ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. ஐந்து முறை 144 திரும்பினால் 720, அதாவது நட்சத்திரம் போடும் ஆமை இரண்டு முழுச் சுற்றுச் சுற்றுகிறது என்பதை அவள் விளக்கியபோது, பக்கத்தில் இருந்த பிள்ளைகள் எழுந்து வந்து கேட்டார்கள். தான் எழுதியது என்ன செய்யும் என்று முன்கூட்டிச் சொல்லிப் பார்ப்பது, நடந்தது வேறாக இருந்தால் எந்த இடத்தில் வழி பிரிந்தது என்று தேடுவது, கண்டதைச் சரிசெய்து மீண்டும் ஓட்டிப் பார்ப்பது என்ற இந்தச் சுழற்சிதான் கணினி அறிவியலின் வாசற்படி. ஆப், கேம், இணையதளம் எல்லாம் அதற்குப் பிறகு வருபவை.

துண்டறிக்கையில் உள்ள "பத்தே நாளில் ஆப்" என்ற வாக்கை இந்த இடத்தில் வைத்துப் பாருங்கள். அது பொய்யான வாக்கு என்று சொல்ல மாட்டேன். ஆப் இன்வென்டர் போன்ற கருவிகளில் கட்டங்களை இழுத்துப் பொருத்தினால் 10 நாளில் ஓர் ஆப் வந்துவிடும். என் வருத்தம் வேறு. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு முகாமின் நிறைவு விழாவுக்கு என்னை அழைத்திருந்தார்கள். முப்பது பிள்ளைகள் மேடையேறி முப்பது கால்குலேட்டர் ஆப்களைக் காட்டினார்கள். பொத்தான்களின் நிறம் வரை எல்லாம் ஒன்றாகவே இருந்தன. கீழே இறங்கி வந்த ஒரு பையனிடம், இதில் வர்க்கம் காணும் பொத்தான் ஒன்றைச் சேர்க்க முடியுமா என்று அன்போடுதான் கேட்டேன். அவன் முகம் வாடிவிட்டது. "அது எங்களுக்குச் சொல்லித்தரல சார்" என்றான். கெட்டிக்காரப் பையன்; பெருக்கல் பொத்தான் இருக்கும் இடத்தைப் பார்த்தாலே பாதி வேலை முடிந்துவிடும் என்பதை யாரும் அவனுக்குக் காட்டவில்லை. திரையில் ஆசிரியர் செய்ததை அப்படியே பார்த்துச் செய்ததில் பத்து நாளும் போயிருக்கிறது. பெற்றோர் கைதட்டினார்கள், சான்றிதழும் கிடைத்தது. அந்தப் பையனின் முகம் மட்டும் எனக்கு மறக்கவில்லை.

கருவியைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். உங்கள் மகளின் வயதுக்கு 'ஸ்கிராட்ச்' பொருத்தமானது. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் (எம்.ஐ.டி.) மீடியா லேபில் மிட்செல் ரெஸ்னிக்கின் குழு உருவாக்கி 2007-இல் வெளியிட்ட இது, முக்கியமாக 8 முதல் 16 வயதுப் பிள்ளைகளை மனத்தில் வைத்து அமைக்கப்பட்டது, முற்றிலும் இலவசம், ஒரு முறை நிறுவிவிட்டால் இணையம் இல்லாமலும் ஓடும். கட்டளைகள் வண்ணக் கட்டங்களாக இருப்பதால் எழுத்துப்பிழை, அரைப்புள்ளி விட்டுப்போவது போன்ற தொல்லைகள் இல்லை. பிள்ளையின் கவனம் முழுவதும் யோசனையிலேயே இருக்கும். அதன் மேடை, அதாவது உருவங்கள் நகரும் திரைப்பகுதி, 480 புள்ளி அகலமும் 360 புள்ளி உயரமும் கொண்டது, நடுப்புள்ளி சுழியம், இடப்பக்கம் போனால் −240 வரை, கீழே போனால் −180 வரை. ஸ்கிராட்சில் வரும் பூனையை இடது மூலையில் நிறுத்த வேண்டும் என்று ஆசைப்படும் பிள்ளைக்கு எதிர்ம எண் தேவைப்படுகிறது. கரும்பலகையில் எண்கோட்டைப் பார்த்துக் கொட்டாவி விட்ட அதே பிள்ளை, இங்கே அந்த எண்ணைத் தேடிக்கொண்டு வருகிறது.

பைத்தான் மொழிக்கு எட்டாம், ஒன்பதாம் வகுப்பில் போகலாம். தமிழ்வழியில் படிக்கும் பிள்ளைக்கு ஆங்கிலம் தடையாகுமோ என்று தயங்க வேண்டாம்; பைத்தானின் கட்டளைச் சொற்கள் மொத்தமே 35-தான், தொடக்கத்தில் அவற்றில் பத்துப் பன்னிரண்டு போதும். தமிழிலேயே எழுதும் 'எழில்' என்ற நிரல்மொழியை முத்து அண்ணாமலை உருவாக்கியிருக்கிறார். 'ஆனால்', 'இல்லை' என்று எழுதி நிபந்தனையைப் புரிந்துகொள்ளும் பிள்ளைக்கு அதே நிபந்தனை வேறு மொழியில் வரும்போது பயம் இருப்பதில்லை. முகாமில் விளக்கம் எந்த மொழியில் நடக்கிறது என்பதுதான் பெரிய விஷயம். பிள்ளை வீட்டில் பேசும் தமிழில் "ஏன் இப்படி வந்தது?" என்று கேட்க முடியாத இடத்தில், அது கேட்காமலே இருந்துவிடும்.

கணினியைத் தொடாமலும் கணினி அறிவியல் கற்பிக்க முடியும், கற்பிக்கவும் வேண்டும். நியூசிலாந்தின் கேன்டர்பரி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டிம் பெல், இயன் விட்டன், மைக் ஃபெலோஸ் ஆகியோருடன் சேர்ந்து 1990-களில் இதற்கென்றே விளையாட்டுகளை வகுத்தார். அவற்றில் ஒன்றை எந்த ஊர் முகாமில் செய்தாலும் பிள்ளைகள் வாய் பிளந்து நிற்பார்கள். ஒரு பக்கம் மஞ்சள், மறுபக்கம் வெள்ளையாக உள்ள அட்டைகளை ஒரு பிள்ளை தன் இஷ்டப்படி ஐந்துக்கு ஐந்தாகத் தரையில் பரப்பும். "இன்னும் கொஞ்சம் கடினமாக்குகிறேன்" என்று சொல்லி நான் வலப்பக்கம் ஒரு வரிசையும் கீழே ஒரு வரிசையும் சேர்ப்பேன். பிறகு திரும்பி நின்றுகொள்வேன். யாராவது ஓர் அட்டையை மட்டும் கவிழ்த்துவிட வேண்டும். திரும்பிப் பார்த்ததும் எந்த அட்டை என்று தொட்டுக் காட்டுவேன். மூன்றாம் முறையில், நான் ஒளிந்து பார்க்கிறேன் என்று ஒரு பையன் துண்டால் என் கண்ணைக் கட்டுவான். மந்திரம் ஒன்றும் இல்லை. ஒவ்வொரு வரிசையிலும், மேலிருந்து கீழாகவும் இடமிருந்து வலமாகவும், மஞ்சள் அட்டைகள் இரட்டைப்படையில் இருக்கும்படி என் கூடுதல் அட்டைகளை வைத்திருப்பேன். ஒன்றைக் கவிழ்த்ததும் ஒரு கிடைவரிசையிலும் ஒரு நெடுவரிசையிலும் எண்ணிக்கை ஒற்றைப்படையாகிவிடும். இரண்டும் சந்திக்கும் இடத்தில் குற்றவாளி இருப்பார். அனுப்பிய தகவல் வழியில் சிதைந்ததா என்று கணினிகள் கண்டுபிடிப்பதும் இந்த வகைச் சூழ்ச்சியால்தான். ஆதார் எண்ணின் 12 இலக்கங்களில் கடைசி இலக்கம் அப்படிப்பட்ட ஒரு காவல் இலக்கம் என்று சொன்னால், பிள்ளைகள் வீட்டுக்குப் போய் அட்டையை எடுத்துப் பார்க்கிறார்கள்.

நம் அரசுப் பாடநூலிலேயே இதற்கான கதவு திறந்திருக்கிறது என்பது பல பெற்றோருக்குத் தெரிவதில்லை. சமச்சீர்க் கணக்குப் புத்தகத்தில் 'தகவல் செயலாக்கம்' என்று ஓர் இயல் இருக்கிறது. ஆறாம் வகுப்பில் மர வரைபடமும் எட்டாம் வகுப்பில் மறைகுறியீடும் வருவது அந்த இயலில்தான். தேர்வில் அதிக மதிப்பெண் இல்லை என்று அதை வேகமாகத் தாண்டிவிடுகிறோம். ஜூன் மாதம் பள்ளி திறந்ததும் உங்கள் மகள் படிக்கப்போகும் எட்டாம் வகுப்புப் புத்தகத்தில் அந்தப் பகுதியை எடுத்து, தோழிக்கு ஒரு இரகசியச் சீட்டு எழுதச் சொல்லுங்கள்.

அப்புறம் கோலம். சென்னைக் கிறித்துவக் கல்லூரியைச் சேர்ந்த கிஃப்ட் சிரோமணியும் ராணி சிரோமணியும் கமலா கிரிதிவாசனும் கோலத்தைக் கணினி அறிவியலின் இலக்கணமாக ஆராய்ந்து 1974-இல் ஆய்வுக் கட்டுரை எழுதினார்கள். சிறிய விதிகளைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தினால் எவ்வளவு பெரிய கோலமும் பிறக்கும் என்பது அதன் அடிப்படை. வாசலில் நீங்கள் போடும் நேர்ப்புள்ளிக் கோலத்தைக் கணினியில் போட முயலும் பிள்ளைக்கு, ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்யச் சொல்லும் மடக்குக் கட்டளை என்றால் என்னவென்று விளக்கவே வேண்டாம். ஐந்து வரிசை, ஒவ்வொன்றிலும் ஐந்து புள்ளி என்பது மடக்குக்குள் மடக்கு. உங்களுக்குக் கணினி தெரியாது என்று எழுதியிருக்கிறீர்கள். இடைப்புள்ளி எப்படி வைப்பது, எந்தப் புள்ளியில் திரும்புவது என்று உங்கள் மகளுக்கு நீங்கள்தான் சொல்ல முடியும்.

இனி, முகாமை எப்படிப் பார்ப்பது என்பதற்கு வருகிறேன். நடத்துபவர்களிடம் கேட்டு, முன்னதாக நடக்கும் ஒரு வகுப்பிலோ முதல் நாளிலோ அரை மணி நேரம் பின்னால் உட்காருங்கள். திரையைப் பார்க்க வேண்டாம், ஆசிரியரின் கையைப் பாருங்கள். ஒரு பிள்ளை தடுமாறி நிற்கும்போது ஆசிரியர் வந்து மவுஸை வாங்கி நாலு சொடுக்கில் சரிசெய்துவிட்டுப் போகிறாரா, அல்லது கையைப் பின்னால் கட்டிக்கொண்டு "நீ என்ன நடக்கும்னு நினைச்ச? என்ன நடந்துச்சு?" என்று கேட்கிறாரா? முதல் வகை ஆசிரியரிடம் பிள்ளையின் திரை அழகாக இருக்கும், தலைக்குள் ஒன்றும் சேர்ந்திருக்காது. இரண்டாம் வகை ஆசிரியரிடம் வகுப்பு மெதுவாகப் போகும், கொஞ்சம் சத்தமாகவும் இருக்கும். அந்த மெதுவுக்குப் பணம் கொடுங்கள். இந்த ஒன்றைக் கண்டறிய உங்களுக்குக் கணினி அறிவு ஒரு துளியும் வேண்டாம்.

ஒரு கணினிக்கு இரண்டு பேர் என்றால் குறையாக எண்ண வேண்டாம். ஒருவர் தட்டச்சு செய்ய, மற்றவர் படித்துப் பிழை சொல்ல, கால் மணி நேரத்துக்கு ஒரு முறை இடம் மாறினால் தனியாக உட்காருவதைவிட நன்றாகக் கற்கிறார்கள். பெரியவர்களும் நிறுவனங்களில் இப்படி இணைந்து எழுதுவது உண்டு. மூன்று பேர் என்றால் ஒருவர் வேடிக்கை பார்க்கத் தொடங்கிவிடுவார். பெண் பிள்ளையின் தாயாக இன்னொன்றையும் கவனியுங்கள். ஆணும் பெண்ணும் சேர்ந்து உட்காரும் இடத்தில் மவுஸ் பையன் கையிலேயே தங்கிவிடுவதை நான் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன். பெண் பிள்ளை குறிப்பேட்டில் அழகாக எழுதிக்கொண்டிருப்பாள். கடிகாரம் பார்த்து இடம் மாற்றாத முகாமில் இது தானாகச் சரியாவதில்லை.

ஆறு வயதிலேயே தொடங்காவிட்டால் பிள்ளை பின்தங்கிவிடும், பள்ளி முடிக்கும் முன்பே கோடி கோடியாகச் சம்பாதிக்கும் என்றெல்லாம் கொரோனா காலத்தில் விளம்பரங்கள் வந்து பெற்றோரை மிரட்டின. அந்த மிரட்டலுக்கு ஆளாக வேண்டாம். தேசியக் கல்விக் கொள்கை 2020 கூட நிரலாக்கச் செயல்பாடுகளை நடுநிலை வகுப்புகளில்தான் பேசுகிறது. செயற்கை நுண்ணறிவே நிரல் எழுதித் தருகிறதே, பிள்ளை ஏன் கற்க வேண்டும் என்றும் இப்போது கேட்கிறார்கள். அது எழுதித் தரும் நிரல் சரியா என்று பார்க்க, இது என்ன செய்யும் என்று முன்கூட்டிச் சொல்லத் தெரிந்த ஆள் வேண்டும். முக்கோணத்தின் மேல் நடந்த சிறுமி அந்த ஆள்.

முகாம் முடிந்த பிறகு என்ன என்பது கட்டணத்தைவிடப் பெரிய கேள்வி. பத்து நாளில் கற்றது, ஜூலைக்குள் கையை விட்டுப் போய்விடும். அயர்லாந்தின் கார்க் நகரில் 2011-இல் தொடங்கிய 'கோடர்டோஜோ' அமைப்பு 7 முதல் 17 வயதுப் பிள்ளைகளுக்கு இலவச மன்றங்களாகத் தொடர்ந்து நடந்ததால்தான் பல நாடுகளுக்குப் பரவியது. நம் பக்கத்திலேயே கேரளம் 2018-இல் அரசு உதவிபெறும் உயர்நிலைப் பள்ளிகளையும் சேர்த்து 'லிட்டில் கைட்ஸ்' மன்றங்களைத் தொடங்கியது. எட்டாம் வகுப்பில் சேரும் பிள்ளை ஆண்டு முழுவதும் மன்றத்தில் இருந்துகொண்டு, பள்ளி முகாம், பிறகு அடுத்தடுத்த நிலை முகாம்கள் என்று மேலே போகிறது. அங்கே முகாம் என்பது நீண்ட பாதையில் ஒரு நிறுத்தம். நீங்கள் பார்த்த முகாமினரிடம், ஜூன் மாதத்துக்குப் பிறகு மாதம் ஒரு நாளாவது பிள்ளைகள் வந்து உட்கார முடியுமா என்று கேளுங்கள். முடியாது என்றால், மகள் படிக்கும் பள்ளித் தலைமை ஆசிரியரைப் பாருங்கள். அரசு உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகள் பலவற்றில் ஹைடெக் ஆய்வகம் இருக்கிறது. வாரம் ஒரு மணி நேரம் நாலைந்து பிள்ளைகளுக்கு ஸ்கிராட்ச் திறந்துவிடச் செலவு எதுவும் இல்லை. ஒரு பிள்ளைக்காகக் கேட்டால் தயங்குவார்கள். ஐந்து தாய்மார்கள் சேர்ந்து கேட்டால் பெரும்பாலும் வழி பிறக்கும்.

முகாம் நாட்களில் மாலை வீடு திரும்பும் மகளிடம் "இன்னைக்கு என்ன செஞ்ச?" என்று கேட்பதோடு, "இன்னைக்கு எது தப்பாப் போச்சு, எப்படிக் கண்டுபிடிச்ச?" என்றும் கேளுங்கள். சொல்வதற்கு அவளிடம் ஒரு கதை இருந்தால் முகாம் நன்றாகப் போகிறது. மூன்று நாள் தொடர்ந்து "ஒண்ணும் தப்பாப் போகல" என்று சொன்னால், வேறு யாரோ அவளுக்காகச் செய்துகொண்டிருக்கிறார்கள்.

மகனுக்கு உரியதைச் சொல்லி முடிக்கிறேன். பழைய காலண்டர் அட்டையில் ஐந்து துண்டு வெட்டுங்கள். ஒன்றில் 1 புள்ளி, அடுத்ததில் 2, பிறகு 4, 8, 16 என்று வையுங்கள். பின்பக்கம் வெறுமையாக இருக்கட்டும். பெரியது இடப்பக்கம் வரும்படி வரிசையாக அடுக்கி, சிலவற்றைத் திறந்தும் சிலவற்றைக் கவிழ்த்தும் அவன் வயதைக் காட்டச் சொல்லுங்கள். ஒன்பது வயது என்றால் எட்டும் ஒன்றும் மட்டும் திறந்திருக்க வேண்டும். அதைக் கண்டுபிடிக்க அவனுக்கு அதிக நேரம் ஆகாது. பிறகு அக்காவின் வயது. 0 முதல் 31 வரை எந்த எண்ணையும் இந்த ஐந்து அட்டைகளால் காட்ட முடியும் என்பதையும், ஒவ்வொரு எண்ணுக்கும் ஒரே ஒரு வழிதான் உண்டு என்பதையும் அவன் விளையாடியே தெரிந்துகொள்ளட்டும். கடைசியில் உங்கள் வயதைக் காட்ட முயல்வான். ஐந்தையும் திறந்துவிட்டு, "அம்மா, பத்தல" என்பான். ஆறாவது அட்டையை வெட்டிக் கொடுத்து, அதில் எத்தனை புள்ளி வைப்பது என்று அவனிடமே கேளுங்கள்.